நீர்ச் சுரங்கம் கட்டப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் கல்லூரி மாணவர்களும், அறிவியல் மன்றம் நடத்தும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவைக் கணக்காக வைத்திருக்கிறேன்: 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம், 60 செ.மீ. நீளமுள்ள சோதனைப் பகுதி. அதில் வினாடிக்கு அரை மீட்டர் வரை ஓடும் தண்ணீர். வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். ஒரு சிறிய அறையும் நான்கைந்து மாதப் பொறுமையும் இருந்தால் கட்டி முடித்துவிடக்கூடிய அளவுதான் இது.

நீர்ச் சுரங்கம் என்றால் என்ன?

ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்திருப்பீர்கள். தூண் அசையாமல் நிற்கிறது, தண்ணீர் அதைச் சுற்றிப் போகிறது, தூணின் பின்பக்கம் சுழிகள் மாறி மாறிப் பிரிந்து செல்கின்றன. நீர்ச் சுரங்கத்தில் நடப்பதும் அதுவே. நீரில் ஓடும் படகானாலும் காற்றில் பறக்கும் இறக்கையானாலும், அதன் சிறிய மாதிரியை நகராமல் பிடித்து வைத்துவிட்டு, அதன் மேல் தண்ணீரைச் சீராக ஓடவிடுகிறோம். பொருள் நகர்ந்தாலும் நீர் நகர்ந்தாலும் இரண்டுக்கும் இடையிலான வேகம் ஒன்றாக இருந்தால் விசைகளும் ஒன்றே.

பெயர் சுரங்கம் என்றாலும் வடிவம் ஒரு வளையம். பம்பு தள்ளும் நீர் முதலில் அகலமான ஒரு தொட்டிக்குள் வந்து அடங்குகிறது. பிறகு படிப்படியாகக் குறுகும் ஒரு வாய் வழியாக வேகம் பெற்றுக் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட சோதனைப் பகுதிக்குள் நுழைகிறது. மாதிரியைத் தாண்டியதும் மெல்ல விரிந்து, குழாய் வழியாகப் பம்புக்கே திரும்புகிறது.

காற்றுச் சுரங்கம் இருக்கும்போது தண்ணீர் எதற்கு?

கண்ணால் பார்க்க. காற்றில் விட்ட புகை வேகமாகக் கலைந்துவிடும். தண்ணீரில் விட்ட சாயம் நூல் போல நின்று, எங்கே ஒட்டி ஓடுகிறது, எங்கே பிரிகிறது, எங்கே சுருள்கிறது என்று பொறுமையாகக் காட்டும்.

இன்னொரு காரணம் கணக்கில் இருக்கிறது. ஓட்டத்தின் தன்மையைத் தீர்மானிப்பது ரெனால்ட்ஸ் எண்: வேகத்தை நீளத்தால் பெருக்கி, பாய்மத்தின் இயக்கப் பாகுநிலையால் (பிசுபிசுப்பை அடர்த்தியால் வகுத்த அளவு) வகுத்தால் கிடைப்பது. 30 டிகிரியில் காற்றின் இயக்கப் பாகுநிலை தண்ணீரினுடையதைப் போல ஏறக்குறைய 20 மடங்கு. ஆகவே ஒரே மாதிரியை வைத்து ஒரே ரெனால்ட்ஸ் எண்ணை எட்ட, தண்ணீர் அரை மீட்டர் வேகத்தில் ஓடினால் போதும். காற்று 10 மீட்டர் வேகத்தில் வீச வேண்டும். பிரான்சின் வானூர்தி ஆய்வகமான ஓனேராவில் ஆன்ரி வெர்லே முக்கோண இறக்கைகளின் மேல் எழும் சுழல்களை நீர்ச் சுரங்கத்தில் வண்ணச் சாயம் விட்டுத்தான் படமெடுத்தார். விமானத்துக்கான விடையைத் தண்ணீரில் தேடியவர்களில் அவர் முன்னோடி.

சிறிய மாதிரியில் கண்டது பெரிய பொருளுக்குப் பொருந்துமா?

சில விஷயங்கள் பொருந்தும், சில பொருந்தவே பொருந்தா. இதைக் கட்டத் தொடங்கும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

10 செ.மீ. நீளமுள்ள கார் மாதிரியை அரை மீட்டர் வேக நீரில் வைத்தால் ரெனால்ட்ஸ் எண் சுமார் 62,000. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் சாலையில் போகும் 4 மீட்டர் நீளக் காருக்கு அது சுமார் 50 லட்சம். 80 மடங்கு வித்தியாசம். இதைச் சிறிய சுரங்கத்தில் ஈடுகட்ட வழியே இல்லை.

ஆனாலும் கூரான விளிம்புகள் உள்ள பொருள்களில் ஓட்டம் எங்கே பிரியும் என்பதை விளிம்பே முடிவு செய்துவிடுகிறது. கட்டடம், பெட்டி வடிவ லாரி, சதுரத் தூண், முக்கோண இறக்கை ஆகியவற்றின் சுழல் அமைப்பு சிறிய மாதிரியிலும் பெருமளவு சரியாகவே இருக்கும். உருண்டையான பொருள்கள்தான் ஏமாற்றும். வழவழப்பான பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரெனால்ட்ஸ் எண் சுமார் 3 லட்சத்தைத் தாண்டும்போது அதன் பரப்பை ஒட்டி மெதுவாக ஓடும் மெல்லிய படலமான எல்லை அடுக்கின் தன்மை மாறி, இழுவிசைக் கெழு (வேகமும் பரப்பும் வேறானாலும் இழுவிசைகளை ஒப்பிட உதவும் எண்) திடீரென்று சரிகிறது. உங்கள் சுரங்கம் அந்த எல்லைக்கு மிகக் கீழே நிற்பது. அங்கே அளந்த எண்ணைக் கொண்டுபோய்ப் பெரிய பந்துக்குப் பொருத்தினால் தவறாகும்.

கப்பல் மாதிரி என்றால் கதை வேறு. நீர்ப்பரப்பில் அலை எழுவதால் அங்கே ஃபுரூட் எண் (வேகத்தை, நீளத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது) பொருந்த வேண்டும். வில்லியம் ஃபுரூட் 1872-இல் இங்கிலாந்தின் டார்கேயில் மாதிரிகளை இழுத்துச் சோதிக்கும் தொட்டியைக் கட்டி இந்த விதியை நிலைநாட்டினார். வேகம் அளவின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். 25-இல் ஒரு பங்கு மாதிரிக்கு வேகம் 5-இல் ஒரு பங்கு. அப்போது ரெனால்ட்ஸ் எண் 125 மடங்கு குறைந்துவிடும். இரண்டு எண்களையும் ஒரே தண்ணீரில் ஒரே நேரத்தில் பொருத்த முடியாது. அதனால்தான் கப்பல் ஆய்வாளர்கள் அலைத் தடையை மாதிரியில் அளந்து, உராய்வைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்கிறார்கள்.

மாதிரி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

முன்புறத்திலிருந்து பார்க்கும்போது மாதிரி மறைக்கும் பரப்பு, சோதனைப் பகுதியின் குறுக்குப் பரப்பில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். நம் அளவுக்கு அது 20 சதுர செ.மீ. அதற்கு மேல் போனால் நீர் சுவருக்கும் மாதிரிக்கும் இடையே நெருக்கப்பட்டு, உண்மையில் இல்லாத வேகத்தில் ஓடும். சாயம் விட்டுப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் 10 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம். விசை அளக்கும்போது அந்தச் சலுகை கூடாது.

சுவரை ஒட்டிய மெதுவான நீரையும் மறந்துவிட வேண்டாம். வினாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் ஓட்டினால், 60 செ.மீ. தாண்டுவதற்குள் ஒவ்வொரு சுவரிலும் ஏறக்குறைய ஒரு செ.மீ. தடிமனுக்கு எல்லை அடுக்கு வளர்ந்துவிடும். மாதிரியை முன்பகுதியில், நடுவில் வையுங்கள்.

எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வாங்க வேண்டும்?

மிகுதியாகப் பணம் வீணாவது இந்தக் கேள்வியில்தான். வீட்டு மாடித் தொட்டிக்கு நீரேற்றும் அரைக் குதிரைத்திறன் மோட்டார், ஆயிரம் லிட்டர் தொட்டியை நிரப்ப ஏறக்குறைய அரை மணி நேரம் எடுக்கும். அதாவது வினாடிக்கு அரை லிட்டர் சொச்சம். நமக்கு வேண்டியதோ வினாடிக்கு 20 லிட்டர். அதே தொட்டியை 50 வினாடியில் நிரப்பும் ஓட்டம். ஆனால் அந்த நீரை நாம் எந்த மாடிக்கும் ஏற்றப் போவதில்லை. வளையத்தில் உள்ள உராய்வை மட்டும் வென்றால் போதும். 160 மி.மீ. பிவிசி குழாயில் திருப்பிக் கொண்டுவந்தால் மொத்த இழப்பு 30 செ.மீ. நீர் உயரத்துக்குள் அடங்கும். 20 லிட்டரை 30 செ.மீ. உயர்த்தத் தேவையான திறன் சுமார் 60 வாட். பம்பின் திறமை கால் பங்குதான் என்று வைத்துக்கொண்டாலும் 240 வாட் போதும்.

ஆகவே தேட வேண்டியது அதிக நீரைக் குறைந்த உயரத்துக்குத் தள்ளும் விசிறி வகைப் பம்பு. சிறு படகுகளை ஓட்டும் மின்மோட்டாரின் விசிறியைக் குழாய்க்குள் பொருத்தியும் செய்யலாம். வீட்டு மோட்டார்களை வரிசையாக வாங்கி இணைத்தால் மின்கட்டணமும் அதிர்வும்தான் மிஞ்சும். வேகத்தை வால்வு மூலம் குறைக்காமல் மோட்டாரின் சுழற்சியையே மாற்றும் மின்கருவியைப் பயன்படுத்துங்கள். பாதி மூடிய வால்வு, தான் உண்டாக்கும் கொந்தளிப்பை அப்படியே முன்னே அனுப்பும்.

வேகத்தை இரட்டிப்பாக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு: திறன் வேகத்தின் மும்மடியாக ஏறும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேண்டுமென்றால் எட்டு மடங்கு.

ஓட்டம் சீராக இருக்க என்ன செய்ய வேண்டும்?

இதுதான் சுரங்கத்தின் உயிர். உங்கள் இடத்திலும் பணத்திலும் பாதியை மாதிரிக்கு முன்னால் இருக்கும் பகுதிக்கே ஒதுக்குங்கள் என்று யார் வந்தாலும் சொல்வேன். சோதனைப் பகுதியைக் கண்ணாடியில் பளபளவென்று செய்துவிட்டு, அதற்கு முன்னால் ஒரு முழங்கைக் குழாயை நேரடியாகச் செருகிவிடுகிறார்கள். அப்படி ஒன்றில் நான் சாயம் விட்டுப் பார்த்திருக்கிறேன். ஊசியிலிருந்து புறப்பட்ட சிவப்பு நூல் இரண்டு விரற்கடை தூரம் நேராகப் போனது. பிறகு முறுக்கிய கயிறு போலச் சுருண்டு, மாதிரியைத் தொடுமுன்பே இளஞ்சிவப்புப் புகையாகக் கலைந்துவிட்டது. மாதிரியைப் பற்றி அந்தச் சுரங்கம் எதுவும் சொல்ல முடியாது. முழங்கையைப் பற்றி மட்டுமே சொல்லும்.

நம் அளவுக்கு 40 செ.மீ. சதுரமான அமைதித் தொட்டி வையுங்கள். பரப்பு நான்கு மடங்கு என்பதால் அங்கே வேகம் நான்கில் ஒரு பங்கு, அதாவது வினாடிக்குப் பன்னிரண்டரை செ.மீ. அந்த மெதுவான இடத்தில்தான் குழப்பத்தை அடக்குவது எளிது.

முதலில் தேன்கூடு: நீரோட்டத்தின் திசையில் நெருக்கமாக அடுக்கிய சிறு குழல் அறைகள். நீரின் சுழற்சியையும் பக்கவாட்டு அலைவையும் நிறுத்துவது இதன் வேலை. அறையின் அகலத்தைப் போல 6 முதல் 8 மடங்கு நீளம் இருக்க வேண்டும், 6 மி.மீ. அறைக்கு 5 செ.மீ. நீளம். பழைய குறிப்புகள் குளிர்பான உறிஞ்சு குழல்களை அடுக்கச் சொல்லும். 40 செ.மீ. சதுரத்தை நிரப்ப அப்படி ஐயாயிரம் துண்டுகள் வேண்டும். பிளாஸ்டிக் குழல்களுக்கு 2022 ஜூலை முதல் இந்தியாவில் தடை இருக்கிறது. காகிதக் குழல் ஊறிப் போகும். கூரைக்குப் போடும் உள்ளீடற்ற பாலிகார்பனேட் தகட்டை 5 செ.மீ. பட்டைகளாக அறுத்து, துளைகள் நீரோட்டத்தைப் பார்க்கும்படி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதே எனக்குப் பிடித்த வழி. அறுத்த முனைகளில் பிசிறு இல்லாமல் உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டும். ஒரு பிசிறு போதும், அதன் பின்னால் ஒரு சுழல் வரிசை பிறந்துவிடும்.

அடுத்து, துருப்பிடிக்காத எஃகு வலைகள் இரண்டு அல்லது மூன்று, சில செ.மீ. இடைவெளியில். வலையின் திறந்த பரப்பு 58 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதற்குக் கீழே போனால் கண்கள் வழியாக வரும் சிறு தாரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சீராக்க வேண்டிய வலையே ஓட்டத்தைக் குலைக்கும். கம்பி 0.2 மி.மீ. தடிமன் என்றால் நம் வேகத்தில் கம்பியின் ரெனால்ட்ஸ் எண் 31 வரும்; கம்பிகளின் பின்னால் சுழல் உதிராது. கடைசி வலைக்கும் குறுகும் வாய்க்கும் இடையே ஒரு கை நீளமாவது வெறுமனே விடுங்கள். தண்ணீருக்கு அடங்க நேரம் வேண்டும்.

குறுகும் வாய் இரு முனைகளிலும் நேராகத் தொடங்கி நேராக முடிய வேண்டும். வளைவு திடீரென்று திரும்பினால் அங்கேயே ஓட்டம் சுவரை விட்டுப் பிரியும். வாயின் நீளத்தைத் தொட்டியின் அகலத்துக்குச் சற்று அதிகமாக வைப்பது பாதுகாப்பு.

மாதிரிக்குப் பின்னால் கவனிக்க வேண்டியது உண்டா?

கொஞ்சம் உண்டு. விரியும் பகுதியின் மொத்தக் கோணம் 6 டிகிரி அளவில் இருக்கட்டும். வளைவுகளில் மெல்லிய வளை தகடுகளை வரிசையாக வைத்தால் இழப்பு பெருமளவு குறையும்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா?

இரண்டும் ஆகும், ஒட்டும் முறைதான் வேறு. மீன்தொட்டி செய்பவர்கள் பயன்படுத்தும், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் கண்ணாடியை விடாமல் பிடிக்கும். அதே சிலிக்கோன் அக்ரிலிக்கில் சரியாக ஒட்டாது. முதல் வாரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு ஓரத்திலிருந்து தோல் போல உரிந்து வரும். அக்ரிலிக்குக்குக் கரைப்பான் கொண்டு இணைக்கும் பசையே வேண்டும். அனுபவமுள்ள மீன்தொட்டிக் கைவினைஞர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் 10 அல்லது 12 மி.மீ. கண்ணாடியில் சோதனைப் பகுதியைச் செய்யச் சொல்லுங்கள். கீறல் விழாது, படமும் தெளிவாக இருக்கும்.

எடையையும் அழுத்தத்தையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். இந்த அளவுச் சுரங்கம் சுமார் 300 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே 300 கிலோ. மேல்பக்கம் திறந்த அமைப்பில் சோதனைப் பகுதியின் சுவர் படும் பாடு அதிகமில்லை. மேலே மூடி, ஒரு மீட்டர் உயரத்தில் நிரப்புத் தொட்டி வைத்தாலோ 60 செ.மீ. சுவரின் மேல் 120 கிலோவுக்கு நிகரான தள்ளு விசை விழும். முதல் முறை கட்டுகிறவர்கள் திறந்த அமைப்பிலேயே தொடங்குங்கள்.

சாயத்தை எப்படி விடுவது?

உணவில் சேர்க்கும் வண்ணத்தைக் கொஞ்சம் பாலில் கலந்துகொள்ளுங்கள். வெறும் வண்ணநீர் சீக்கிரம் பரவிவிடும். பால் சேர்ந்தால் நூல் திடமாக நிற்கும். பால் தண்ணீரைவிடச் சற்றுக் கனம் என்பதால் நூல் மெல்ல இறங்கினால், சில சொட்டு ஆல்கஹால் சேர்த்துச் சரிக்கட்டலாம். ஒரு மி.மீ. தடிமனான ஊசியின் முனையை மழுக்கி, ஆங்கிலத்தின் எல் எழுத்தைப் போல வளைத்து, முனை நீரோட்டத்தின் திசையையே பார்க்கும்படி மாதிரிக்கு முன்னால் பிடியுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் குழாயை ஊசியில் மாட்டி, சாயப் புட்டியை ஒரு அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். அந்தக் குழாயில் இருக்கும் சிறு உருளைத் திருகு இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும்.

திருகை மெல்லத் திறக்கும்போது முதலில் சாயம் ஊசி முனையில் காளான் போல உருண்டு நிற்கும். இன்னும் கொஞ்சம் திறந்தால் நூலாக நீளும். அதையும் தாண்டினால் நூல் அதிரத் தொடங்கும். சுற்றியுள்ள நீரைவிடச் சாயம் வேகமாக வருகிறது என்று பொருள். அதிர்வு அடங்கும் புள்ளிக்குத் திருகைத் திருப்பி அப்படியே விட்டுவிடுங்கள்.

நீர் சுற்றிச் சுற்றி வருவதால் அரை மணியில் எல்லாமே இளஞ்சிவப்பாகிவிடும். சிறிதளவு வெளுப்புத் திரவம் உணவு வண்ணத்தை நிறமிழக்கச் செய்யும். பால் கலந்த நீரை மட்டும் மறுநாள்வரை வைத்திருக்காதீர்கள், நாற்றம் தாங்காது.

வேகத்தை எதைக் கொண்டு அளப்பது?

ஓட்டத்தை எதிர்கொண்டு, அதன் அழுத்தத்தை நீர் உயரமாகக் காட்டும் பிட்டோ குழாய் என்று எல்லோரும் தொடங்குவார்கள். அரை மீட்டர் வேகத்தில் அது காட்டும் உயர வேறுபாடு 13 மி.மீ. கூட இல்லை, 10 செ.மீ. வேகத்தில் அரை மி.மீ. கண்ணால் படிக்க முடியாது. சாயத்தைச் சொட்டாக விட்டு, இரு கோடுகளுக்கு இடையே அது கடக்கும் நேரத்தைக் கைப்பேசிக் காணொளியில் சட்டம் சட்டமாக எண்ணுவது எளிது, நம்பகமானது. நடுவில் மட்டும் அளக்காமல், சுவர்களின் அருகிலும் மேலும் கீழும் என ஒன்பது இடங்களில் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று பெரிதாக மாறினால் தேன்கூட்டுக்குத் திரும்புங்கள்.

தண்ணீரில் குமிழ்கள் வந்துகொண்டே இருக்கின்றனவே?

குழாயிலிருந்து புதிதாகப் பிடித்த நீரில் காற்று கரைந்திருக்கும். ஒரு நாள் அப்படியே நிற்கவிடுங்கள். அதன் பிறகும் வந்தால் பம்பின் உறிஞ்சும் பக்க இணைப்புகளைப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்திருந்தால் ஓட்டை நீரைக் கசியவிடாது, காற்றை உள்ளே இழுக்கும். வெளியே ஈரமே இல்லாததால் அது கண்ணில் படாது.

வேகம் அதிகமானால் வரும் கேவிடேஷன் குமிழ்களா இவை என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. அழுத்தம் மிகவும் தாழ்ந்து தண்ணீரே கொதித்து ஆவியாவது கேவிடேஷன். அரை மீட்டர் வேகத்தில் அது நடக்காது. அதைப் பார்ப்பதற்கென்றே 1895-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் சார்லஸ் பார்சன்ஸ் செம்பினால் ஒரு சிறு சுரங்கம் செய்தார். அவருடைய டர்பினியா கப்பல் எதிர்பார்த்த வேகத்தை எட்டாததற்குக் காரணம் தேடியபோது பிறந்தது அது. உள்ளே 2 அங்குல உந்துவிசிறி. காற்றழுத்தத்தைக் குறைத்து, குறைந்த சுழற்சியிலேயே குமிழ்களை வரவழைத்து, விட்டுவிட்டு ஒளிரும் வெளிச்சத்தில் அவற்றைக் கண்டார். மூன்று தண்டுகளில் ஒன்பது விசிறிகளோடு 1897-இல் அதே கப்பல் 34 நாட் (மணிக்குச் சுமார் 63 கி.மீ.) வேகத்தில் பாய்ந்தது. நவீன நீர்ச் சுரங்கங்களின் மூத்த தாய் அந்தச் செம்புப் பெட்டிதான். இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

விசையை அளக்க முடியுமா?

முடியும், ஆனால் எண்கள் மிகச் சிறியவை. 4 செ.மீ. பந்தின் மேல் அரை மீட்டர் வேகத்தில் விழும் இழுவிசை 7 கிராம் எடைக்குச் சமம். மாதிரியைப் பிடிக்கும் கம்பியே அதில் கணிசமான பங்கு வாங்கிக்கொள்ளும். விசை உணரியை நீருக்கு மேலே வைத்து, கம்பியை மட்டும் தனியாக ஓட்டி அளந்து கழிக்க வேண்டும். முதல் ஆண்டில் சாயத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

மின்சாரம் ஆபத்தில்லையா?

ஆபத்துதான். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் முறையான நில இணைப்பும் இல்லாமல் பம்பை இயக்கவே கூடாது. மோட்டார் ஓடும்போது நீருக்குள் கைவிடும் பழக்கம் யாருக்கும் வர வேண்டாம்.

முதல் நாள் எந்த மாதிரியை வைக்கலாம்?

முதல் நாள் எதையும் வைக்க வேண்டாம். வெறும் சுரங்கத்தில் சாயம் விடுங்கள். நூல் முழு 60 செ.மீ. தூரமும் கலையாமல் போக வேண்டும். போகும்வரை வலைகளையும் தேன்கூட்டையும் சரிசெய்துகொண்டே இருங்கள். இதற்கு இரண்டு வாரம் ஆனாலும் அது வீண் நேரம் ஆகாது.

பிறகு ஒரு செ.மீ. தடிமனான வழவழப்பான உருளைக் கம்பியைச் சுவரிலிருந்து சுவருக்குக் குறுக்கே வையுங்கள். வேகம் வினாடிக்கு 5 செ.மீ. சாயத்தைக் கம்பியின் நெற்றியில் விட்டால் அது இரண்டாகப் பிரிந்து, பின்னால் மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழல்களாக உதிரும். இந்த உதிர்வின் தாளம் தெரிந்த ஒன்று: வேகத்தை விட்டத்தால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்து மேல்பக்கச் சுழல்களை மட்டும் எண்ணுங்கள். உங்கள் சுரங்கம் சரியாக இருந்தால் வினாடிக்கு ஒன்று வரும்.